கை தூக்கினால் விளங்கியதாகக் கணக்கு

தமிழை அளக்க ஒரு கருவி உண்டு என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நான் மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் வாத்தியாராக இருந்தேன். அந்த எஸ்டேட்டின் பெரிய கிளார்க்கிடம் அந்தக் கருவி இருந்தது. பார்ப்பதற்கு அது சட்டைப்பையில் வைக்கும் கடிகாரம். உண்மையிலும் அது கடிகாரம்தான்.

கம்பெனியின் தலைமை ஆபீசிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்ததுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். வேறு ஏதோ ஒரு தோட்டத்தில் அறிவிப்பு ஒன்றை ஆட்கள் தப்பாகப் புரிந்துகொண்டு பெரிய கலாட்டா ஆகிவிட்டதாம். ஆகவே, இனிமேல் தொழிலாளர்களுக்கு வாசிக்கும் ஒவ்வொரு அறிவிப்பும் அவர்களுக்கு எவ்வளவு சுலபமாக விளங்குகிறது என்று அளந்து எழுதி அனுப்ப வேண்டும். விளங்காத அறிவிப்பு செல்லாது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. யாரோ ஒரு புத்திசாலி எழுதியிருக்க வேண்டும். பாவம், அந்தப் புத்திசாலி எங்கள் பெரிய கிளார்க்கைப் பார்த்ததில்லை.

பெரிய கிளார்க் பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூர்க்காரர். அங்கே கச்சேரி வாசலில் உட்கார்ந்து ஊராருக்கு மனு எழுதிக் கொடுத்துப் பழகியவர். ஒரு மனு யாருக்கும் விளங்காத அளவுக்குத்தான் அதற்கு மதிப்பு என்று அங்கே கற்றுக்கொண்டார் போலிருக்கிறது. 'தண்ணீர்' என்று எழுத அவருக்குக் கை வராது, 'ஜலம்' என்பார். வாயைத் திறந்தாலோ சந்தையில் மாடு பிடிக்கிறவர்களைப் போல வெகு சாதாரணமாகப் பேசுவார். பேனாவை எடுத்ததும் அவருக்குள் வேறு ஒரு ஆசாமி வந்து உட்கார்ந்துகொள்வார்.

தமிழ் அறிவிப்புகளை எழுதுவது அவர் வேலை. அவற்றைச் சத்தம் போட்டு வாசிப்பது என் வேலை என்று எஸ்டேட் மானேஜரான வெள்ளைக்காரத் துரை முடிவு செய்துவிட்டார். பள்ளிக்கூடம் என்ற பெயரில் தேயிலைப் பெட்டி அடுக்கும் கொட்டகையில் பாதியை எனக்குக் கொடுத்திருந்தார்கள்; அதற்குக் கைம்மாறாக என் தொண்டையை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். தொண்டை நல்ல தொண்டைதான். பாலக்காட்டில் நான் பிறந்த கோயில் தெருவில், விடிவதற்கு முன் எழுந்து ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாமல் வேதத்தை நாழிகைக் கணக்கில் உரக்கச் சொல்லிப் பழகிய தொண்டை. அர்த்தம் கேட்டால் முதுகில் விழும். எதையும் தடங்கலில்லாமல் வாசிக்கிற ஆளைத் தேடினால் அந்தத் தெருவுக்குத்தான் வரவேண்டும்.

சுற்றறிக்கை வந்த மறுநாள் பெரிய கிளார்க் என்னை ஆபீசுக்கு வரச் சொன்னார்.

"வாத்தியாருங்க, இதைக் கொஞ்சம் வாசிங்க. நான் நேரம் பாக்கறனுங்க."

வாசித்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா? எங்கீமே நிக்கவே இல்லீங்க. கல்லுல பட்ட தண்ணியாட்டம் ஓடுது. அப்ப இது லேசான தமிழுதானுங்களே."

சீக்கிரம் வாசித்து முடிக்க முடிந்தால் எளிய தமிழ். நேரமானால் கடினத் தமிழ். அதுதான் அவருடைய அளவு. கேட்கிறவனுக்கு என்ன ஆகிறது என்ற கேள்வி அவர் தலைக்குள் நுழையவே இல்லை. எனக்குச் சளி பிடித்திருந்த வாரத்தில் வாசித்த அறிவிப்புகள் கடினமானவை என்றும், சளி விட்டதும் வாசித்தவை எளியவை என்றும் தலைமை ஆபீசுக்குத் தகவல் போயிருக்கிறது. என் மூக்கைப் பொறுத்துத் தமிழின் தரம் ஏறி இறங்கியது.

துரைக்கே இது கொஞ்சம் உறுத்தியது. அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் எதையும் ஒரு பந்தய விளையாட்டாகவே பார்ப்பார். வாசித்து முடித்ததும், விளங்கியவர்கள் கை தூக்க வேண்டும், தூக்கிய கைகளை எண்ணிக்கொள்ள வேண்டும் என்று அவர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். இதைவிட நியாயமான அளவு உலகத்தில் இருக்க முடியாது என்று அவருக்கு எண்ணம். எனக்குச் சிரிப்பு வந்தது. பெரிய கிளார்க்குக்கு வரவில்லை. அவருக்கு இதில் ஒரு வசதி உடனே தெரிந்துவிட்டது.

ஏனென்றால் எங்கள் எஸ்டேட்டில் காலை ஆளெடுப்பு நடப்பது கை தூக்கித்தான். அதைப் பெரட்டு என்பார்கள். லயம் என்பது கூலிக்காரர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள்; விடியும் நேரத்தில் ஒவ்வொரு லயத்து ஜனங்களும் தங்கள் பெரட்டுக் களத்தில் வந்து நிற்க வேண்டும். அந்த நேரத்தில் பனிமூட்டம் அப்படி இறங்கியிருக்கும், முன்வரிசைக்குப் பின்னால் இருப்பது மனிதர்களா மரங்களா என்றுகூடத் தெரியாது. ஆகவே வந்திருப்பவர்கள் கையை உயரத் தூக்கிக் காட்டுவார்கள். கங்காணி கைகளைப் பார்த்துப் பேர் போட்டுக்கொள்வார். பேர் விழுந்தால் அன்றைக்குக் கூலி உண்டு. கை தெரியாமல் போனால் நாள் முழுக்கக் கொழுந்து பறித்தாலும் பறிக்காத கணக்கு. பிறந்த குழந்தையைத் தவிர அந்த லயத்தில் எல்லாருக்கும் இது தெரியும். பெரட்டுக் களத்தில் நின்றுகொண்டு யாராவது "கை தூக்கு" என்றால், எதற்கென்று கேட்காமல் கை தானாக மேலே போகும்.

அந்தக் களத்தில், அந்த நேரத்தில்தான், இவர்கள் தமிழ் விளங்கியதா என்று கை தூக்கச் சொன்னார்கள்.

எல்லாக் கைகளும் மேலே போயின. முதல் நாளும் போயின, அடுத்த நாளும் போயின. நான் ஒரு சமஸ்கிருத சுலோகத்தைச் சொல்லியிருந்தாலும் போயிருக்கும். பெரிய கிளார்க்கின் தமிழுக்கு முழு மதிப்பெண். அவர் நடையே மாறிவிட்டது. காந்தலூரிலிருந்து கழுதைமேல் பூண்டு ஏற்றி வருகிறவரிடம் பேரம் பேசும்போதுகூட, "நம்ம எழுத்து இந்த மலையில எல்லாத்துக்கும் வெளங்குதுங்க" என்று அவர் சொன்னதை நான் கேட்டேன்.

இதில் முதலில் அடிபட்டவை ஆடுகள். லயத்து ஆடுகளைக் கட்டிப்போட வேண்டும் என்பதை, "அஜங்கள் யதேச்சையாய் சஞ்சரிப்பதைத் தடை செய்தல் அவசியம்" என்று அவர் எழுதினார். நான் வாசித்தேன். எல்லாரும் கை தூக்கினார்கள். ஆடுகள் மறுநாளும் தேயிலைக்குள் மேய்ந்தன. ஆபீஸ் ஆட்கள் ஆடுகளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆட்டுக்காரிகள் ஆபீஸ் வாசலில் நின்று அழுதபோது அவர் சொன்ன நியாயம் இது: விளங்கவில்லை என்றால் மன்னிக்கலாம், விளங்கியது என்று கை தூக்கிவிட்டுச் செய்யாமல் இருப்பது திமிர். தன் எழுத்தின் தோல்வியை அடுத்தவனின் குற்றமாக மாற்றும் வித்தை அதற்குமுன் எனக்குத் தெரியாது. நான் ஏழெட்டு வருஷம் வாத்தியாராக இருந்தவன், எனக்கே தெரியாது.

ஆடுகளோடு போயிருந்தால் இதை நான் சிரித்துக்கொண்டே எழுதி முடித்திருப்பேன்.

எஸ்டேட்டின் அடிவாரத்தில், ஆற்றை ஒட்டி, கீழ் டிவிஷன் என்று ஒன்று புதிதாகக் காடு வெட்டித் திறந்துகொண்டிருந்தார்கள். மலைக்காய்ச்சல் குடியிருந்த இடம் அது. மேலே குளிர் உண்டு, அட்டை உண்டு, ஆனால் அந்தக் காய்ச்சல் கிடையாது. கீழே போனவர்களில் திரும்பி வந்தவர்கள் மஞ்சள் கண்ணும் வீங்கிய வயிறுமாக வந்தார்கள். அங்கே குடும்பங்களை அனுப்ப வேண்டும், ஆனால் அவர்கள் சம்மதித்துப் போனதாக இருக்க வேண்டும் என்பது கம்பெனியின் விருப்பம். பெரிய கிளார்க் பேனாவை எடுத்தார். அந்த வாக்கியம் எனக்கு இன்னும் மனப்பாடம். அர்த்தமில்லாததை மனப்பாடம் செய்ய எனக்குத் தனியாக யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

"நதிதீரத்தில் நூதனமாய் ஸ்தாபிதமாகும் விஸ்தரிப்புக்கு, மேல் லயம் அக்கரை லயம் ஆகிய இரண்டினின்றும் உசிதமான குடும்பங்கள் ஸ்தானமாற்றம் செய்விக்கப்படுவதில் ஆட்சேபணையுள்ளோர் இத்தருணமே அதனை வெளிப்படுத்தாத பக்ஷத்தில் சம்மதமுள்ளோராகவே பாவிக்கப்படுவர்."

மேல் லயத்தில் வாசித்தேன். எல்லாக் கையும் மேலே. ஓடையைத் தாண்டி அக்கரை லயத்துக்குப் போய் வாசித்தேன். அங்கும் எல்லாக் கையும் மேலே. யாரும் ஆட்சேபிக்கவில்லை. பெரிய கிளார்க் எழுதிக்கொண்டார்.

அன்று மத்தியானம், கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு ஒரு பெண் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். மேல் லயத்துக்காரி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பெற்றோரோடு வந்தவள். கல்யாணமான புதிதில் கீழே காடு வெட்டப் போய், மூத்த பிள்ளையைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு மேலே வந்தவள் என்று எல்லாருக்கும் தெரியும். இப்போது இடுப்பில் ஒரு கைக்குழந்தை இருந்தது.

"வாத்தியாரய்யா, காலைல வாசிச்சீகளே, அதுல எங்களுக்கு எதுவும் உண்டுமா?"

"கை தூக்கினயே, ஒனக்கு வெளங்கலையா?"

"பேருக்குல்ல தூக்குனேன்."

சொன்னேன். கீழ் டிவிஷன் என்ற வார்த்தை வந்ததும் அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், ஏதோ இப்போதே காய்ச்சல் வந்துவிட்டதைப் போல.

"இந்தப் பிள்ளையையும் அங்க கொண்டு போயி வைக்க மாட்டேன்," என்றாள். பிறகு, "என் தங்கச்சியும் அக்கரை லயத்துலதான் இருக்கா. அவளுக்கும் கைப்பிள்ளதான். அவளும் தூக்கியிருப்பா," என்றாள்.

எனக்கு வந்த கோபத்தில் நேராகத் துரையின் பங்களாவுக்கே போனேன். கை எதற்காக உயருகிறது என்பதை எடுத்துச் சொன்னேன். பெரிய கிளார்க்கும் அங்கே இருந்தார். "அப்புடியெல்லாம் இல்லீங்க தொரைங்களே" என்று ஒரே பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். துரை என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கண்ணில் பந்தயக் குதிரையைப் பார்க்கும் ஒளி வந்தது. நான் எளிய தமிழில் அதே அறிவிப்பை எழுத வேண்டும். நாளைக் காலை அதை மேல் லயத்தில் வாசிக்க வேண்டும். முன்பு வாங்கிய சம்மதத்தை அந்த லயத்துக்கு மட்டும் ரத்து செய்துவிடலாம். யாருடைய தமிழுக்கு அதிகம் கை உயருகிறது என்று பார்த்துவிடலாம். எழுதியது பாதிப் பேருக்காவது விளங்காவிட்டால் அது செல்லாது, கம்பெனி விதி அப்படி.

"அக்கரை லயத்திலும் வாசிக்கிறேன்," என்றேன்.

துரை கூடாது என்றார். ஒன்றை மாற்றிப் பார்க்கும்போது இன்னொன்றை மாற்றாமல் வைத்திருக்க வேண்டுமாம், அப்போதுதான் ஒப்பிட முடியுமாம். அக்கரை லயம் பழைய தமிழின் கணக்கிலேயே இருக்கட்டும் என்றார். விஞ்ஞானம் அப்படித்தான் வேலை செய்கிறது என்று அவர் எனக்கு விளக்கினார். நான் எவ்வளவோ மன்றாடினேன். விதைநெல் போட்ட இரண்டு பாத்தியைப் பற்றிப் பேசுகிற மாதிரி அவர் பேசிக்கொண்டே தேநீர் குடித்தார்.

திரும்பும் வழியில் அந்தப் பெண் லயத்து முனையில் நின்றுகொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"போகமாட்டோம்னு சொன்னா வேலைய விட்டு நிறுத்திப்புடுவாக. வெளங்கலன்னா என்ன செய்வாக?"

"வெளங்காத நோட்டீஸ் செல்லாது. அது அவாளோட சட்டம்."

சரி என்று தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

நான் எழுதியது இவ்வளவுதான்: "கீழ் டிவிஷனுக்கு இந்த லயத்திலிருந்து குடும்பங்களை அனுப்பப் போகிறோம். அது ஆற்றோரம், காய்ச்சல் உள்ள இடம். போகமாட்டோம் என்பவர்கள் இப்போதே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம்." பெரிய கிளார்க் வாங்கிப் பார்த்தார். அவருக்கு அருவருப்பே வந்துவிட்டது.

"ஏனுங்க வாத்தியாரே, இதைப் போயி எழுதறதுன்னு சொல்றீங்களா? இதுக்குப் பேனா எதுக்குங்க? பொம்பளைங்க கெணத்தடியில பேசறாப்புல இருக்குது."

அதுவரை யாரும் என் எழுத்தை அவ்வளவு சரியாகப் பாராட்டியதில்லை. அவர் திட்டுவதாக நினைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை துரையே பெரட்டுக்கு வந்தார், கம்பளிக் கோட்டும் நாயுமாக. நான் வாசித்தேன். அந்தக் களத்தில் நான் வாசித்த எதற்கும் அப்படி ஒரு அமைதி இருந்ததில்லை. இருமிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். ஒவ்வொரு வார்த்தையும் போய் இறங்குவதை என்னால் பார்க்க முடிந்தது. வாசித்து முடித்ததும் பெரிய கிளார்க் முன்னால் வந்து, "வெளங்குனவங்க கையத் தூக்குங்க" என்றார்.

ஒரு கையும் எழவில்லை.

அந்தப் பெண் முன்வரிசையில் நின்றாள். இரண்டு கையாலும் பிள்ளையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். பெரிய கிளார்க் இன்னொரு தரம் கத்தினார். கை தூக்காதவர்களுக்கு இன்றைக்குப் பேர் கிடையாது என்றார். பனிமூட்டத்துக்குள் காலடிச் சத்தம் கொஞ்சம் அசைந்தது. கை மட்டும் அசையவில்லை. ஒரு நாள் கூலியை அத்தனை பேரும் வாய் திறக்காமல் விட்டுக்கொடுத்தார்கள். அந்த மலையில் நான் பார்த்த ஜனங்களிலேயே அன்றைக்கு அவர்கள்தான் பெரிய மனிதர்கள்.

துரை அதை எப்படிப் புரிந்துகொண்டார் தெரியுமா? என் தோளில் தட்டினார். அவருக்குத் தெரிந்த எஸ்டேட் தமிழில், "வாத்தியார், உன் தமில் ரொம்ப கஷ்டம்" என்றார். பெரிய கிளார்க் பூரித்துப்போனார். எளிய தமிழ் ஒருவருக்கும் விளங்கவில்லை. கடினமான தமிழ் எல்லாருக்கும் விளங்குகிறது. இதைத் தவிர வேறு எதையாவது அந்த இரண்டு தலைகளும் யோசித்துப் பார்த்திருந்தால் நான் ஆச்சரியப்பட்டிருப்பேன். ஆனால் விதி விதிதான். விளங்காத அறிவிப்பு செல்லாது. மேல் லயத்திலிருந்து யாரையும் கீழே அனுப்ப முடியாமல் போயிற்று. அன்று சாயங்காலம் லயத்தில் ஒருத்தரை ஒருத்தர் "உனக்கு வெளங்குச்சா?" என்று கேட்டுக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

கீழே ஆள் வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை. மேல் லயத்திலிருந்து போக வேண்டிய குடும்பங்களுக்கும் சேர்த்து அக்கரை லயத்திலிருந்தே எடுத்தார்கள். அக்காள் சொல்லி அனுப்பி விஷயம் தெரிந்த தங்கை, பிள்ளையோடு ஆபீசுக்கு ஓடிவந்தாள். நானும் அங்கே இருந்தேன்.

"அய்யா, அன்னைக்கு வாசிச்சது எங்களுக்கு வெளங்கலய்யா."

பெரிய கிளார்க் கோபப்படவே இல்லை. அவர் பேச்சில் எப்போதும் ஒரு பதவிசு இருக்கும். அதைத்தான் என்னால் கடைசிவரை மன்னிக்க முடியவில்லை.

"ஏனம்மிணி, அன்னைக்குக் கையத் தூக்குனீல்ல? அன்னைக்கு வெளங்குனது இன்னைக்கு எப்புடி வெளங்காமப் போகும்?"

அக்கரை லயத்துக்கும் ஒரு தடவை வாசித்துப் பார்க்கலாம் என்று துரையிடம் மறுபடியும் கேட்டேன். நன்றாக விளங்கியவர்களுக்கு எதற்காக இன்னொரு முறை வாசிக்க வேண்டும் என்று அவர் உண்மையிலேயே புரியாமல் என்னைக் கேட்டார்.

வாரக் கடைசியில் அவர்கள் சட்டி பானைகளைக் கட்டிக்கொண்டு கீழே இறங்கினார்கள். ஓடைப் பாலம் வரைக்கும் அக்காள் கூடவே போனாள். தங்கை பாதையின் வளைவில் மறைந்த பிறகு, அவள் திரும்பி வந்து என் முன்னால் நின்றாள்.

"அவுகளுக்கும் எங்களுக்கு வாசிச்ச மாதிரி வாசிக்கல, இல்லையா?"

"விடல. ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு ஒரு லயம் வேணும்னுட்டார் தொரை."

"எங்க ரெண்டு பேருல யாரு பொழைக்கான்னு பாக்கவா ஒப்பிட்டாரு?"



தலைமை ஆபீசிலிருந்து பாராட்டு வந்தது. அக்கரை லயத்து மக்களின் கிரகிப்புத் திறனை மெச்சி எழுதியிருந்தார்கள். கை எண்ணும் முறையை மற்ற தோட்டங்களுக்கும் கொண்டுபோகலாமா என்று யோசிக்கிறார்களாம். பெரிய கிளார்க் அந்தக் காகிதத்தை ஆபீஸ் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டினார். துரை அவருக்குக் கை கொடுத்தார்.

மழை பிடித்து ஒரு மாதம் போலக் கழித்து, கீழ் டிவிஷனிலிருந்து தங்கையின் பிள்ளையை மட்டும் கொழுந்துக் கூடைக்குள் வைத்து மேலே கொண்டுவந்தார்கள். அக்காள் கூடையிலிருந்து தூக்கி, முதலில் அதன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு தன் பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு, அதற்குப் பால் கொடுக்க உட்கார்ந்தாள்.